நாள் பார்த்தலும் நாள் அமைத்தலும்

நாள் பார்ப்பதில் நம்மவரை விஞ்சியோர் உலகில் இலர் எனலாம். பெண் பார்க்கப் புறப்படவும், மாடு வாங்கவும், கடை திறக்கவும், வழக்குமன்றம் ஏறவும் பஞ்சாங்கத்தைப் புரட்டாதார் நம்மிடை மிகச் சிலரே. இராகு காலம் கழியட்டும் என்று, கையில் பணத்தை வைத்துக்கொண்டு கடை வாயிலிலே காத்து நிற்போரைச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் இன்றும் காண்கின்றோம். நாள் பார்த்தலாவது, வானத்தில் திரியும் கோள்கள் நமக்கு ஏதேனும் ஈயுமா என்று கைகட்டி நிற்றல். நாள் அமைத்தல் இதனின் வேறானது. மக்கள் தாமே கூடித் தாம் பட்ட துன்பத்தையோ, பெற்ற உரிமையையோ மறவாதிருத்தற்பொருட்டு ஆண்டில் ஒரு நாளைக் குறித்து, அந்நாளில் தம் செயலைத் தாமே கணக்குப் பார்ப்பது அது. முன்னது அச்சத்தில் பிறக்கின்றது. பின்னது அறிவில் பிறக்கின்றது.

அவ்வாறு அமைத்த நாட்கள் நமக்குப் புதியன அல்ல. 1886ஆம் ஆண்டு மே முதல் நாள் அமெரிக்கத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அதனையடுத்துச் சிக்காகோ நகரில் சிந்திய குருதியே மே நாளை ஈன்றது. அந்நாளை இந்திய மண்ணில் முதன்முதல் கொண்டாடியவர் சென்னைத் தோழர் சிங்காரவேலர், ஆண்டு 1923. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சிதறிக் கிடந்த தமிழரைச் சாதியும் சமயமும் கடந்து ஒன்றுகூட்டும் பொருட்டுத் 'தமிழ் முரசு' ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளை அமைத்தார். இவற்றுள் ஒன்றிற்கேனும் எந்தச் சோதிடரும் நாள் குறித்துக் கொடுத்திலர்.

இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வேறு சில நாட்கள் நடைபெறுகின்றன. ஏப்ரல் 22 புவி நாள். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அக்டோபர் 21 இந்நாட்டின் தேசியச் சுற்றுச்சூழல் நாள். டிசம்பர் 3 பூச்சிமருந்து தவிர்ப்பு நாள். பிள்ளைகள் பச்சை நிறத்தில் படம் எழுதுகின்றனர். பெரியவர் ஒருவர் மரக்கன்று நடுகின்றார். படம் பிடிக்கப்படுகின்றது. மறுவாரம் அக்கன்றுக்கு நீர் வார்ப்பார் இலர். இதனைக் கண்ட நம் தோட்டத்து மக்களில் பலர், “இஃது உண்டு களித்தோர் பொழுதுபோக்கு, அன்றாடம் உழைத்து உண்பவனுக்குச் சுற்றுச்சூழல் என்ன செய்யும்?” என்று கேட்கின்றனர். கேள்வி தகுதியானதே. ஆனால் அந்நாட்கள் பிறந்த வரலாற்றை அறிந்தோர் அக்கேள்வியைத் திருப்பிக் கேட்பர். உழைத்து உண்பவனுக்கே அந்நாட்கள் முதலில் உரியன என்பது எமது துணிபு. அதனை ஈண்டு விளக்குவாம்.

துயரில் பிறந்த நாட்கள்

மரத்திற்கென ஒரு நாள் வைக்கும் வழக்கம் பழையது. அமெரிக்காவின் நெபுராஸ்கா மாநிலத்தில் 1872 ஏப்ரல் 10ஆம் நாள் மரநடுகை நாள் கொண்டாடப்பட்டது. மரமற்ற புல்வெளியில் குடியேறியோர் நிழலுக்கும் விறகுக்கும் ஏங்கியதன் விளைவு அது. விடுதலை பெற்ற இந்தியாவில் உணவு அமைச்சர் கே. எம். முன்ஷி 1950இல் 'வன மகோத்சவம்' என்னும் மரநடு விழாவை நாடு முழுவதற்கும் உரியதாக்கினார். இவை நற்செயல்களே, எனினும் யார் கெடுத்தார், எதனால் கெட்டது என்னும் கேள்வியை இவை எழுப்பவில்லை. நடுவதோடு நின்றன.

அக்கேள்வியை எழுப்பியவர் ஒரு பெண்மணி. ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1962இல் 'மௌன வசந்தம்' என்னும் நூலை வெளியிட்டார். வயலிலும் தோப்பிலும் தெளிக்கப்படும் நஞ்சுகள் பூச்சியோடு நில்லாமல், மண்ணிலும் நீரிலும் ஏறி, பறவையையும் மீனையும் இறுதியில் மனிதனையும் தாக்குகின்றன என்று அவர் சான்றோடு காட்டினார். நச்சுப் பொருள் செய்யும் முதலாளிகள் அவரைத் தூற்றினர்; உண்மை தூற்றலுக்கு அஞ்சவில்லை. 1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா கடற்கரையில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கடல் கறுத்தது. அதே ஆண்டு ஜூன் திங்களில் ஓகையோ மாநிலத்துக் குயகோகா ஆற்றின் மேல் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்தது. ஆறு எரிந்த செய்தியைக் கேட்ட மக்கள் விழித்தனர். செனட்டர் கேலார்ட் நெல்சன் விடுத்த அழைப்பை ஏற்று 1970 ஏப்ரல் 22ஆம் நாள் ஏறக்குறைய 2 கோடி மக்கள் அமெரிக்கத் தெருக்களில் கூடினர். அதுவே முதற் புவி நாள். அவ்வாண்டிலேயே அந்நாட்டில் சுற்றுச்சூழற் காப்புக்கெனத் தனி அரசாங்க அமைப்புத் தோன்றிற்று. ஒரு நாள் கூடியதால் என்ன விளையும் என்பார்க்கு இதுவே விடை.

1972 ஜூன் 5 முதல் 16 வரை சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மாநாடு நடந்தது. 113 நாடுகள் கலந்துகொண்டன. அங்கு நேரில் சென்று பேசிய அரசாங்கத் தலைவர், விருந்தளித்த சுவீடன் பிரதமரை நீக்கினால், இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி ஒருவரே. ஏழை மக்களின் வறுமையைத் தீர்க்காமல் இயற்கையைக் காப்போம் என்பது வெற்றுரை என்னும் கருத்தை அவர் அம்மன்றத்தில் வைத்தார். செல்வ நாடுகள் காட்டைப் பற்றிப் பேசுகையில், காட்டோரத்துக் குடிசையைப் பற்றியும் பேச வேண்டும் என்பதை உலகு அன்று கேட்டது. அம்மாநாடு தொடங்கிய ஜூன் 5ஆம் நாளே உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் குறிக்கப்பட்டு, 1974 முதல் நடைபெற்று வருகின்றது. அதே 1974இல் மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், பூச்சிமருந்துச் சட்டமும் நிறைவேறின. 1989 அக்டோபர் 21ஆம் நாள் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் லங்காவித் தீவில் கூடிச் சுற்றுச்சூழல் பற்றிய அறிக்கை வெளியிட்டனர். அந்த அக்டோபர் 21ஆம் நாளே இந்நாட்டின் சுற்றுச்சூழல் நாளாகும்.

நத்தை ஆற்றங்கரை

நிற்க. உலகக் கதை இவ்வாறாக, நம் ஊர்க் கதையைப் பார்ப்போம். சுங்கை சிப்புட் என்பதற்கு நத்தை ஆறு என்பது பொருள். ஆற்றில் வாழ்ந்த ஒரு சிற்றுயிரால் பெயர் பெற்ற ஊர் இது. இவ்வூருக்கு அணித்தேயுள்ள கோலகங்சாரில்தான் இந்நாட்டு இரப்பரின் கதை தொடங்குகின்றது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசில் காட்டிலிருந்து இலண்டனுக்குக் கொண்டு சென்ற விதைகளில் முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில், பேரா ரெசிடெண்டு ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பெற்றன. அவற்றுள் ஒன்று இன்றும் அங்குப் பேணப்பட்டு வருகின்றது. நம் பாட்டன் பாட்டியரைக் கடல் கடந்து ஈர்த்த மரம் அதுவே.

அந்த ஒன்பது கன்றுகள் பெருகிப் பல்லாயிரம் ஏக்கராயின. அதற்கு இடம் தந்தது காடு. காட்டை வீழ்த்தியோர் பலர். வீழ்ந்த நிலத்தில் களை எடுத்துப் பால் வெட்டியோரிற் பெரும்பாலோர் தமிழர். அந்நாளில் வெள்ளைத் துரைமாருக்கு ஒரு கொள்கை இருந்தது. கித்தா மரத்தடியில் ஒரு புல்லும் நில்லாதவாறு தரையைத் துடைத்து வைத்தால்தான் தோட்டம் நல்ல தோட்டம் என்பது அக்கொள்கை. மாதந்தோறும் பெண்டிர் சங்குல் பிடித்து மண்ணைச் சுரண்டினர். மலைநாட்டு மழையோ, நம் ஊர் ஐப்பசி மழை போல் வந்து போவதன்று, ஆண்டெல்லாம் கொட்டுவது. மூடுபுல் இல்லாத சரிவுகளிலிருந்து மேல்மண் கரைந்து ஆற்றில் இறங்கிற்று. சில பத்தாண்டுகள் கழித்தே தவற்றை உணர்ந்து, அவரை இனத்துக் கொடிகளை மரங்களுக்கிடையே படரவிடலாயினர். அறிவு வந்தது, போன மண் வரவில்லை.

இரப்பரைக் காட்டிலும் கொடுமை செய்தது ஈயம். சுரங்கங்கள் கழித்த மணல் கிந்தா வெளியெங்கும் வெண்பாலையாகக் கிடந்ததை முதியோர் அறிவர். சிலாங்கூரில் கோலக்குபு என்னும் ஊர், ஆற்றில் இறங்கிய சுரங்க மணலால் படுகை உயர்ந்து, வெள்ளத்தில் மூழ்கி மூழ்கி, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேறிடத்திற்கே பெயர வேண்டியதாயிற்று. ஊர் பெயர்ந்த இடம் கோலக்குபு பாரு. ஒரு தெய்வத்தின் சினத்தால் அஃது அழிந்தது என்று கதை கட்டுவார் அன்றும் இருந்திருப்பர். அழித்தது மணலும், மணலைத் தள்ளியோரின் பேராசையுமே.

இவற்றில் நம்மவர் பங்கு யாது? நம் கை மண்ணைச் சுரண்டியது உண்மை. ஆனால் எங்கே சுரண்டுவது, எவ்வளவு சுரண்டுவது என்று கூறிய வாய் நம்முடையதன்று. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் 'ஐயா' என்று கை தூக்கி, காட்டிய நிரைக்குப் போனவர் நாம். நிலத்தில் உரிமையற்றவனுக்கு நிலத்தின் நலத்தைப் பற்றிப் பேசும் உரிமையும் இல்லாது போயிற்று. சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் இதனை ஒருவாறு உணர்ந்தார் போலும். துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றுச் சென்ற காலத்தில், தொழிலாளரின் சிறு பங்குத் தொகைகளைத் திரட்டித் தோட்டம் வாங்குதற்பொருட்டு 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். மண்ணைக் காப்பதும் மண்ணில் பங்கு பெறுவதும் ஒரே காரியத்தின் இரு பக்கங்கள் என்பதை நாம் அதினின்றும் கற்றுக்கொள்ளலாம்.

மருந்து என்னும் பொய்ப்பெயர்

இனி, நம் மக்களின் உடம்போடு ஒட்டிய கதையைச் சொல்லுவாம். சங்குல் வேலைக்கு ஆள் மிகுதி வேண்டும். கூலி மிகுதி வேண்டும். ஆதலின் புல்லைக் கொல்ல நஞ்சு வந்தது. முதலில் சோடியம் ஆர்சனைட்டு, அஃதாவது பாடாண நஞ்சு, லாலாங் புல்லின் மேல் தெளிக்கப்பட்டது. பின்னர் வந்தது பாராகுவாட். 'கிராமக்சோன்' என்னும் வாணிகப் பெயரால் தோட்டங்களில் அஃது அறியப்படும். பிரிட்டிஷ் நிறுவனமாகிய ஐ.சி.ஐ. அதனை விற்பனைக்குக் கொணர்ந்த ஆண்டு 1962. ரேச்சல் கார்சன் தம் நூலை வெளியிட்ட அதே ஆண்டு. எச்சரிக்கையும் நஞ்சும் ஒரே ஆண்டில் பிறந்தன. நஞ்சு நம் தோட்டத்திற்கு விரைந்து வந்தது. எச்சரிக்கை வந்து சேர நெடுங்காலம் பிடித்தது.

அதற்கு நம் தமிழே ஒரு காரணமோ என்று ஐயுறுகின்றோம். அந்நஞ்சுக்குத் தோட்டத்தில் நாம் இட்ட பெயர் 'மருந்து'. “அம்மா மருந்தடிக்கப் போயிருக்கிறாள்” என்று பிள்ளை சொல்லும். மருந்து என்ற சொல்லுக்கு அஞ்சுவார் யார்? பிணி நீக்குவது மருந்து. உயிர் நீக்குவதையும் அப்பெயராலேயே அழைத்தோம். தொட்டியைத் தோளில் மாட்டிய பெண்டிர் வெறுங்கையால் கலக்கினர். காற்று எதிர்த்தால் முகத்தில் பட்டது. தொட்டி ஒழுகினால் முதுகில் வழிந்தது. வெயிலின் கொடுமையில் கையுறையும் முகமூடியும் தந்தபோதும் அணிய இயலவில்லை. பல இடங்களில் தரப்படவே இல்லை. மாலையில் அதே சேலையோடு வந்து குழந்தையை எடுத்துப் பால் கொடுத்தனர். தொட்டியைக் கழுவிய ஓடையில் பிள்ளைகள் குளித்ததை நாம் கண்டதுண்டு. அவ்வோடையில் மீன் மிதந்த நாளில், ஆற்றுக் காவல் தெய்வத்திற்குச் சேவல் அறுத்தோரையும் கண்டதுண்டு. அறுத்த சேவல் அழுதிருந்தால், “தொட்டியைப் பாருங்கள், என்னை ஏன் அறுக்கின்றீர்” என்றுதான் அழுதிருக்கும்.

பாராகுவாட்டின் இயல்பை மருத்துவ நூலார் ஐயமறக் கூறியுள்ளனர். புண்பட்ட தோலின் வழியே உள்ளேறும். நகம் நிறம் மாறிக் கழலும், மூக்கில் குருதி வடியும், கண் எரியும். சிறிதளவு விழுங்கினாலும் நுரையீரல் தழும்பேறி மூச்சு நின்றுவிடும். அதற்கு முறிமருந்து இல்லை. சுவீடன் நாடு 1983இலேயே அதனை விலக்கியது. இந்நாட்டில் ஐரீன் பெர்னாண்டஸ் என்னும் பெண்மணி 1991இல் தோற்றுவித்த தெனாகானித்தா இயக்கமும், பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிமருந்து எதிர்ப்புச் செயலணியும், தோட்டந்தோட்டமாகச் சென்று மருந்தடிக்கும் பெண்டிரின் வாய்மொழியையும் உடல்நிலையையும் பதிந்து 2002இல் நூலாக வெளியிட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக ஒழிக்க முடிவு செய்தது. தோட்ட முதலாளிகள் முறையிட்டனர். 2006இல் தடை தளர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2007இல் அங்கு அதற்கிருந்த அனுமதியை நீக்கிய பின்னரும் நம் தோட்டங்களில் அது வழங்கிற்று. இறுதியில் 2020 ஜனவரி முதல் நாள் தொடங்கி மலேசியாவில் அஃது அறவே தடை செய்யப்பட்டது. ஐரீன் அதனைக் காண இல்லை. அவர் 2014 மார்ச் 31ஆம் நாள் மறைந்தார்.

சுங்கை சிப்புட் என்றதும் வரலாற்றாசிரியர் 1948 ஜூன் 16ஆம் நாளை நினைப்பர். அன்று இவ்வூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஐரோப்பியர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. அம்மூவர் பெயர் எல்லா நூல்களிலும் உள்ளது. அவர் சாவும் சாவே. அதற்காக நாம் மகிழ்வார் அல்லோம். ஆனால் தொட்டியைச் சுமந்து மெல்ல மெல்ல நலிந்து, 'காசம்' என்றும் 'கண் திருஷ்டி' என்றும் பிறர் கூற மாண்ட பெண்டிரின் பெயர் எந்த நூலில் உள்ளது? அவர்க்கென ஒரு நாள் வேண்டாமா?

அந்நாள் உண்டு. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு கடந்து 3ஆம் நாள் பிறந்த வேளையில், இந்தியாவின் போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியொன்றிலிருந்து மீதைல் ஐசோசயனேட்டு என்னும் நச்சுக் காற்று கசிந்தது. அவ்வாலை செய்துவந்தது பூச்சிக்கொல்லி. உறங்கியோர் உறங்கியவாறே மாண்டனர். ஓடியோர் ஓடியவாறே விழுந்தனர். மாநில அரசு பின்னர் உறுதி செய்த உடனடிச் சாவுக் கணக்கு மட்டும் 3,787. பின்னர் நோயுற்று மாண்டோர் இதில் அடங்கார். ஆலையை ஒட்டிக் குடியிருந்த ஏழைகளே அவருட் பெரும்பாலோர். அந்த டிசம்பர் 3ஆம் நாளையே பூச்சிமருந்து தவிர்ப்பு நாளாக உலகின் பல நாட்டு இயக்கங்கள் கடைப்பிடிக்கின்றன. இந்தியா டிசம்பர் 2ஆம் நாளை மாசுக் கட்டுப்பாட்டு நாளாக வைத்துள்ளது. தோட்டத்தில் பிறந்த தமிழர் எவர்க்கும் இந்நாள் அயல்நாள் அன்று.

புக்கிட் மேராவின் பாடம்

போபாலின் இடி இந்தியாவில் விழுந்த காலத்தில், ஈப்போவிற்குத் தெற்கே, லகாத்தை அடுத்த புக்கிட் மேரா என்னும் புதுக்கிராமத்தில் வேறொரு போராட்டம் மூண்டிருந்தது. ஈய மணலின் கழிவாகிய அமாங்கில் மோனசைட்டு என்னும் கனிமம் உண்டு. அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரிக்க ஏஷியன் ரேர் எர்த் என்னும் ஆலை 1982இல் அங்கு வேலை தொடங்கிற்று. ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனம் அதில் பெரும்பங்குடையோருள் ஒன்று. பிரித்தெடுத்த பின் எஞ்சுவது தோரியம்; கதிர்வீச்சுடைய நச்சுப் பொருள். கழிவைப் புதைக்க முதலில் பாப்பான் ஊரருகே குழி வெட்டினர். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் போராளிகளுக்கு மருத்துவம் செய்து சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசு வாழ்ந்த அதே பாப்பான் ஊர். ஊரார் 1984இல் திரண்டு எதிர்த்தனர், அவ்விடம் கைவிடப்பட்டது.

1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எண்மர், ஊரார் அனைவரின் பொருட்டும், ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஆலைக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. 1987 பிப்ரவரியில் ஆலை மீண்டும் இயங்கியது. ஏப்ரலில் ஏறக்குறைய 10,000 மக்கள் ஊர்வலம் சென்றனர். செப்டம்பரில் விசாரணை தொடங்கிற்று. அக்டோபரில் நாடெங்கும் நடந்த லாலாங் நடவடிக்கையில், ஊராரின் எதிர்ப்புக் குழுவைச் சேர்ந்தோரும், அவர்க்காக வழக்காடிய மீனாட்சி ராமன் என்னும் தமிழ் மாதரும் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். களைப் புல்லின் பெயரை மனிதரைப் பிடிக்கும் நடவடிக்கைக்கு வைத்ததைத் தோட்டத்து மக்கள் கூர்ந்து நோக்குவார்களாக. வழக்கு நிற்கவில்லை. 1992 ஜூலை 11ஆம் நாள் நீதிபதி பே சுவீ சின் ஆலையை நிறுத்துமாறு தீர்ப்பளித்தார். 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. சட்டத்தில் தோற்ற ஊரார் வாழ்க்கையில் தோற்றாரில்லை. 1994 ஜனவரி 19ஆம் நாள் ஆலையே தான் மூடப்படுவதாக அறிவித்தது.

இப்போராட்டத்தில் முன்னின்றோர் பெரும்பாலும் சீன மக்கள். அவர்க்குத் துணை நின்றது பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், அதன் தலைவர் எஸ். எம். முகமது இத்ரிஸ் 1977இல் கண்ட சஹாபாட் ஆலம் இயக்கமும். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்னும் வேலி அங்கு நிற்கவில்லை. கதிர்வீச்சு இனம் பார்ப்பதில்லை. அதனை எதிர்ப்பதும் இனம் பார்த்தல் ஆகாது. மற்றொரு பாடமும் உண்டு. புக்கிட் மேரா மக்கள் ஆண்டில் ஒரு நாளை மட்டும் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாரில்லை. வழக்குமன்றத்திற்குச் சென்ற ஒவ்வொரு நாளும் அவர்க்கு அந்நாளே. நாள் என்பது தொடக்கம். ஆண்டெல்லாம் நீள்வது தொண்டு.

நாம் செய்யத்தக்கன

இவ்வளவும் கூறியது பழம்பெருமை பேசுதற்கன்று. பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான் என்று மேடைதோறும் அத்தேரை ஓட்டுகின்றோம். கூட்டம் முடிந்ததும் மேடையடியில் கிடக்கும் நெகிழிப் புட்டிகளை யார் பொறுக்குகின்றார்? ஆற்றங்கரைத் திருவிழாவில் உடைத்த தேங்காயும், எரித்த கற்பூரத் தட்டும், கட்டிய நெகிழித் தோரணமும் மறுநாள் ஆற்றில் மிதக்கின்றன. ஆற்றைத் தாயென்று கும்பிட்டுவிட்டு, அத்தாயின் மடியிலேயே குப்பையைக் கொட்டுதல் எவ்வகைப் பத்தி? முதலாளியைக் குறை கூறும் வாய், தன் வீட்டுக் குறையையும் கூறுதல் வேண்டும். சீர்திருத்தம் என்பது அயல்வீட்டில் தொடங்குவதன்று.

மற்றொன்று. பாராகுவாட் போயிற்று, புல்கொல்லிகள் போகவில்லை. வேறு பெயரில் வேறு நஞ்சு தொட்டியில் இருக்கின்றது. அத்தொட்டியை இன்று சுமப்போர் மிகுதியும் இந்தோனேசியாவினின்றும் வங்காள தேசத்தினின்றும் வந்த ஏழைகள். நம் மக்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணம் சேர்ந்தனர். இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. நம் தோளினின்று இறங்கிய தொட்டி மற்றோர் ஏழையின் தோளில் ஏறியதைக் கண்டு, “நமக்கென்ன” என்று இருப்போமாயின், நம்மைக் கண்டு “கூலிக்காரர்தாமே” என்று வாளாவிருந்த துரைமாருக்கும் நமக்கும் வேறுபாடு யாது? அவ்வாறே, பேராவின் வட மலைக்காடுகளில் வாழும் தெமியார் மக்கள் தம் காட்டைக் காக்க 2019இல் மரவண்டிகளை மறித்து நின்றனர். பெலுஸ் ஆறு அவர் மலையிலிருந்தே இறங்கி நம் பக்கம் வருகின்றது. மேலே காடு அழிந்தால் கீழே நம் வாயிற்படியில் வெள்ளம் ஏறும். அவர் போராட்டம் நம் போராட்டமே.

ஆதலின் இந்நாட்களை எவ்வாறு கொண்டாடுவது? பெரட்டு என்னும் சொல்லை நாம் மறந்திலோம். நாள்தோறும் காலையில் பெயர் கூப்பிட்டு, யார் வந்தார், யார் வரவில்லை, நேற்றைய வேலை முடிந்ததா என்று கணக்கெடுத்தது பெரட்டு. அன்று துரை நம்மைக் கணக்கெடுத்தான். இந்நாட்களில் நாம் நம் ஊரைக் கணக்கெடுப்போம். ஜூன் 5ஆம் நாள் சென்ற ஆண்டு நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு உள்ளன என்று எண்ணிப் பார்த்து, பிறகே புதிய கன்றை நடுவோம். அக்டோபர் 21ஆம் நாள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் எழுதி வைக்கச் செய்வோம். ஆண்டுதோறும் எழுதினால் பத்தாண்டில் அதுவே ஒரு வரலாறாகும். டிசம்பர் 3ஆம் நாள் முன்னாளில் மருந்தடித்த பாட்டிமாரைப் பள்ளி மன்றத்தில் நடுவே அமர்த்தி, அவர் வாய்மொழியை இளைஞர் எழுதிக்கொள்வோம். அவர் பெயர் ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது நிற்கட்டும். அன்றே 'மருந்து' என்னும் பொய்ப்பெயரை ஒழித்து, நஞ்சை நஞ்சென்றே அழைப்போம். சொல் திருந்தினால் அச்சம் பிறக்கும். அச்சம் பிறந்தால் கேள்வி பிறக்கும்.

இதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டுவதில்லை. இராகு காலத்திலும் ஆறு ஓடுகின்றது. எமகண்டத்திலும் மண் கரைகின்றது. நத்தையால் பெயர் பெற்ற ஊரில் வாழும் நாம், நம் ஆற்றில் இன்று நத்தை உண்டா என்று ஒரு நாளேனும் இறங்கிப் பார்த்ததுண்டா? வரும் நாளில் அதனையாவது பார்ப்போம். இருந்தால் காப்போம், இல்லையேல் ஏன் இல்லை என்று கேட்போம். கேட்கத் தொடங்கிய நாளே நாம் அமைத்த நாள்.